அடுத்து எந்த கேம்? பீரோ கதவில் மூன்று லேபிள்

போன நவம்பரில் ஒருநாள் நைட் டூட்டி முடித்து வீட்டுக்கு வந்தேன். காலை பத்து மணி. குளித்து, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, தூங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் எதையாவது ஆடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் நான் சேர்த்துவைத்த 143 கேம் இருந்தது. மேலிருந்து கீழே உருட்டினேன், கீழிருந்து மேலே உருட்டினேன். ஒன்றைத் திறந்து, தொடக்கப் படம் ஓடும்போதே மூடினேன். இன்னொன்று அப்டேட் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தால் பத்து ஐம்பது. அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். "ஏட்டி, இவ்வளவு நேரம் அந்த எலியப் புடிச்சு உருட்டிக்கிட்டு இருந்தியே, என்னத்த ஆடுன?" என்று அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நான் பம்பாயில் பரேல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் டெக்னீஷியன். வீடு சயான் கோலிவாடாவில். ஒரு ஹால், ஒரு கிச்சன். நான், அம்மா, டிப்ளமா படிக்கும் அண்ணன் மகன், மூன்று பேர். கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதுவும் ஹாலில்தான், டிவிக்குப் பக்கத்தில். என்னைப் போல ஷிப்ட் வேலையும் சின்ன வீடும் பெரிய கேம் லிஸ்டும் வைத்திருப்பவர்களுக்காக, நான் அன்றிலிருந்து செய்துவரும் முறையை எழுதுகிறேன். நாள் முழுக்க நேரம் இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது.

முதலில், ஆட உட்கார்ந்த பிறகு எதை ஆடுவது என்று தேடாதீர்கள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று யோசிப்பது போலத்தான் அது. அந்த நேரத்தில் மூளை களைத்திருக்கும், எதைப் பார்த்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லும். நான் வார லீவு நாளில் காலையில் காபி குடிக்கும்போது முடிவு செய்கிறேன். ஒன்று அல்ல, மூன்று. பெரியது ஒன்று, சின்னது ஒன்று, களைப்புக்கு ஒன்று. ஆய்வகத்தில் லேபிள் பிரிண்டர் சில சமயம் எதுவும் அச்சாகாத வெற்று லேபிள்களைத் துப்பும். அவற்றில் மூன்றில் இந்தப் பெயர்களை எழுதி பீரோ கதவில் ஒட்டிவிடுவேன். டூட்டி முடிந்து வந்தால் ஸ்டீம் லிஸ்டைத் திறப்பதே இல்லை. பீரோவைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்றில் ஒன்று. ஒரு கேம் முடிந்தாலோ கைவிட்டாலோதான் அந்த லேபிளைக் கிழிப்பேன், புதிதாகத் தேடுவதும் அந்த ஓர் இடத்துக்கு மட்டும்தான்.

மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

இதற்கு முதலில் உங்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று தெரிய வேண்டும். எல்லோரும் இதைக் கூட்டித்தான் சொல்வார்கள், நானும் பத்து மணி நேரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் தினசரி காலண்டர் தாளில், ராகு காலத்துக்குக் கீழே, ஆடிய நேரத்தைக் குறித்துவைத்தேன். காலை ஷிப்ட் வாரத்தில் ஏழு மணி நேரம், மதிய ஷிப்டில் ஐந்து, நைட் ஷிப்டில் இரண்டரை. சராசரி ஐந்துகூட இல்லை.

இந்த எண் கையில் இருந்தால் கணக்கு சுலபம். ஹவ் லாங் டு பீட் என்ற தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் ஆடியவர்கள் பதிந்த நேரம் இருக்கும்: கதையை மட்டும் முடிக்க எவ்வளவு, பக்கக் கதைகளோடு எவ்வளவு, ஒன்றுவிடாமல் எல்லாம் செய்ய எவ்வளவு. 2015இல் வந்த விட்சர் 3 அதில் கதைக்கு மட்டும் சுமார் 50 மணி நேரம், பக்கக் கதைகளோடு 100 மணி நேரத்தைத் தாண்டும். என் கணக்கில் 100 மணி என்றால் இருபது வாரம். பொங்கலுக்கு ஆரம்பித்தால், அக்னி நட்சத்திரம் முடிந்து பம்பாயில் முதல் மழை விழும்போதுதான் முடியும். பரவாயில்லையா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியது, ஆரம்பித்தேன். முடிக்க ஏழு மாதம் ஆனது. நான் கேமுக்குள் ஓட மாட்டேன், நடந்துதான் போவேன். வழியில் கிடக்கும் கடிதம் எல்லாவற்றையும் படிப்பேன். அதனால் அந்தத் தளம் சொல்லும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வது என் வழக்கம். உங்கள் பெருக்கல் எண் என்ன என்று நீங்கள் முடித்த இரண்டு கேமை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பெரியது என்றால் எனக்கு 20 மணி நேரத்துக்கு மேல். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான். சின்னது என்றால் ஒரு வாரத்தில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் முடிவது. 2016இல் வந்த ஃபயர்வாட்ச் நான்கு மணி நேரம் சொச்சம். எ ஷார்ட் ஹைக் ஒன்றரை மணி நேரம், ஒரு பறவை மலை ஏறுகிறது, அவ்வளவுதான், ஆனால் முடித்துவிட்டு எழுந்தபோது மாத்தேரான் மலைக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. சின்ன கேமை யாரும் அடுத்தது என்று வரிசையில் வைப்பதில்லை. பெரியதை முடித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, பெரியதும் முடியாமல் சின்னதும் ஆடாமல் வருஷம் போய்விடும். முதலில் சின்ன இடத்தை நிரப்புங்கள்.

களைப்புக்கான கேம் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தப்பு செய்தது இங்கேதான். களைத்த நேரத்துக்கு சுலபமான கேம் வேண்டும் என்று நினைத்தேன். அது சரியில்லை. களைத்த நேரத்தில் தேவை, முந்தின தடவை என்ன நடந்தது என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டாத கேம். டிஸ்கோ எலிசியத்தில் சண்டையே கிடையாது, விரல் நோகாது. ஆனால் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் உள்ள கேம் அது. பன்னிரண்டு மணி நேரம் ரத்த மாதிரிகளைப் பார்த்துவிட்டு வந்து அதைத் திறந்தால் ஒரே வரியை மூன்று தடவை படித்துக்கொண்டிருப்பேன். சண்டை கேமான ஹேடீஸ் நேர் எதிர். விரலுக்கு வேலை அதிகம், ஆனால் ஒரு ஓட்டம், அதாவது ஆரம்பித்து ஜெயிக்கும்வரையோ சாகும்வரையோ, அரை மணி நேரம்தான். செத்தால் மறுபடி முதலிலிருந்து, நேற்று எங்கே விட்டோம் என்ற யோசனையே வேண்டாம். நடுவில் எழுந்துபோனாலும் அந்த அறையின் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடலாம். பலாட்ரோவும் அப்படித்தான், சீட்டுக்கட்டு கேம். என்ன, அதில் "இன்னும் ஒரு ஆட்டம்" என்று காலை தூக்கத்தில் பாதி போய்விடும். நைட் ஷிப்ட் வாரத்தில் அதை நான் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துவிடுகிறேன்.

அப்புறம், எப்போது நிறுத்தலாம் என்பது. எந்த விமர்சனமும் இதைச் சரியாகச் சொல்வதில்லை. எங்கள் கட்டடத்தில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். டிரம்மை நிரப்ப வேண்டும், கிச்சன் குடங்களை நிரப்ப வேண்டும். லீவு நாளில் விடியற்காலை எழுந்து ஆடினால், குழாயில் சத்தம் கேட்ட நிமிஷமே எழுந்தாக வேண்டும். 2022இல் எல்டன் ரிங் வந்தபோது அண்ணன் மகன், "அத்தை, நீங்க இத ஆடியே ஆகணும்" என்று பிடிவாதமாக உட்கார வைத்தான். அந்த கேமில் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனே கிடையாது. மார்கிட் என்ற முதல் பெரிய எதிரியிடம் முப்பது தடவைக்கு மேல் செத்திருப்பேன். அதில் இரண்டு தடவை தண்ணீர் வந்ததால் செத்தது. அவன் குச்சியைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறான், இந்தப் பக்கம் குழாய் கொப்பளிக்கிறது. நல்ல கேம்தான். எங்கள் வீட்டுக்கான கேம் இல்லை.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி: திடீரென்று எழுந்தால் எவ்வளவு நஷ்டம்? ஸ்டார்டூ வேலியில் அன்றைய நாள் முடிந்து படுக்கைக்குப் போனால்தான் சேவ் ஆகும். ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். அதிகபட்ச நஷ்டம் அவ்வளவுதான், தாங்கலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் ஊர் சுற்றும்போது எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், மிஷன் என்ற கதைப் பணிகளின் நடுவில் முடியாது. அப்படியென்றால் ஒரு மணி நேரம் உறுதியாகக் கிடைக்கும் நாளில்தான் மிஷனைத் தொட வேண்டும். செலஸ்டில் மலை ஏறுவது கஷ்டம்தான், ஆனால் ஒவ்வொரு திரையும் ஒரு சின்ன அறை. விழுந்தால் அந்த அறையின் வாசலிலிருந்து ஆரம்பிக்கலாம். அதோடு வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் சாகாமல் ஆடவும் வசதி வைத்திருக்கிறார்கள். நான் 80 சதவீத வேகத்தில்தான் முடித்தேன், வெட்கமில்லை.

அடுத்தது ஹால் பரீட்சை. என் முதுகுக்குப் பின்னால் அம்மா சீரியல் பார்க்கிறாள். விளம்பர இடைவேளையில் என் திரையைப் பார்க்கிறாள். விட்சர் 3இல் சில காட்சிகள் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரையை மாற்ற ஆல்ட்-டேப் அடித்த வேகத்தில் கீபோர்டே கீழே விழுந்தது. இப்போதெல்லாம் ஸ்டீம் பக்கத்தில் வயது எச்சரிக்கைக் குறிப்பை முழுதாகப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். ரத்தம் அம்மாவுக்குப் பிரச்சினையே இல்லை, "இன்னும் அவனக் கொல்லலையா நீ?" என்று கேட்பவள் அவள். மற்றது வேண்டாம். அப்படிப்பட்ட கேமை அவள் திருநெல்வேலிக்குப் போகும் மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன். சத்தமும் இதில் சேர்த்தி. ஹெட்செட் போட்டே ஆக வேண்டிய கேம் என்றால் காலிங் பெல் கேட்காது, குக்கர் விசில் கேட்காது. கண்ணால் மட்டுமே ஆட முடிகிறதா என்று பாருங்கள்.

ஹால் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியது வெண்பா. 2023இல் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1988இல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாக்காரி, எழுத்து அழிந்துபோன சமையல் நோட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள், அழிந்த இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். முதல் சமையலே இட்லி. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் ஆட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் சீரியல் சத்தம் குறைந்தது. நாற்காலி இழுக்கும் சத்தம். "அவளுக்கு ஒரு மகன் இருக்கானா? இப்ப எங்க இருக்கான்?" என்று ஆரம்பித்து, கடைசியில் நான் தண்ணீர் குடிக்க எழுந்ததற்குத் திட்டினாள். இங்கிலாந்தின் பாஃப்டா என்ற விருது அமைப்பு 2024இல் அதற்கு அறிமுக கேம் பிரிவில் விருது கொடுத்தது. அம்மாவின் நாற்காலிதான் எனக்குப் பெரிய விருது.

கம்ப்யூட்டரைப் பற்றிச் சுருக்கமாக. எங்களுடையது லேமிங்டன் ரோட்டில் பழைய பாகங்களாக வாங்கி அண்ணன் மகன் சேர்த்தது. 4 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, கேம்களை வைக்க 512 ஜிபி எஸ்எஸ்டி. கேமுக்கு என்ன கம்ப்யூட்டர் தேவை என்று ஸ்டீம் பக்கத்தில் "குறைந்தபட்சம்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், "பரிந்துரை" என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இடத்தையும் பாருங்கள். ரெட் டெட் 2 ஒன்றுக்கே 150 ஜிபி. அதை வைத்தால் மற்ற பெரிய கேம்களுக்கு இடம் குறைந்துவிடும். இது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எஸ்எஸ்டி சின்னதாக இருப்பதால்தான் எங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு பெரிய கேம் என்ற சட்டம் நிற்கிறது.

ஒரு கேம் நமக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிரெய்லரை விடுங்கள், அது கல்யாணத்துக்கு எடுத்த போட்டோ. யூடியூபில் யாராவது பேசாமல் ஆடிய வீடியோவில் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள். அந்தப் பதினைந்து நிமிடம்தான் நீங்கள் நூறு தடவை செய்யப்போவது. ஆனால் அவுட்டர் வைல்ட்ஸ் மாதிரி கேமுக்கு இதைச் செய்யக்கூடாது. 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் மறுபடி தொடங்கும், நீங்கள் தெரிந்துகொண்டது மட்டுமே மிஞ்சும். முன்னாலேயே தெரிந்துவிட்டால் ஆட ஒன்றும் இருக்காது.

விமர்சனங்களை நான் பரேல் லோக்கலில் நின்றுகொண்டு படிப்பேன், அதுவும் பிடிக்கவில்லை என்று எழுதியவர்களுடையதை மட்டும். ஸ்டீமில் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். 60 மணி ஆடிவிட்டு "மோசம்" என்று எழுதியவரின் புகாரில் விஷயம் இருக்கும், அரை மணி ஆடியவருக்கு ஏதோ கோளாறு வந்திருக்கும். "ரொம்ப மெதுவாகப் போகிறது", "நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது" என்று நாலு பேர் திட்டியிருந்தால் எனக்கு அது நல்ல சேதி. "செத்தால் வெகுதூரம் திரும்பி வர வேண்டும்" என்று இருந்தால் வாங்க மாட்டேன். அவர்களுடைய குறை உங்களுக்கும் குறையா என்பதுதான் பார்க்க வேண்டியது, மதிப்பெண் அல்ல.

வாங்கின பிறகும் ஒரு வழி இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் வாங்கிய அன்றே ஒன்றரை மணி நேரம் ஆடிப் பார்த்துவிடுங்கள். சேலில் வாங்கி அடுத்த வருஷம் திறந்தால் அந்த உரிமை போயிருக்கும். ஒரு எச்சரிக்கை: பெரிய கேம்கள் இரண்டு மணி நேரத்தில் முகத்தைக் காட்டாது. ரெட் டெட் 2இல் பனிமலை அத்தியாயத்தைத் தாண்டவே அவ்வளவு நேரம் பிடிக்கும், உண்மையான கேம் அதற்குப் பிறகு வரும் புல்வெளியில்தான் இருக்கிறது. அதை இரண்டு மணி நேரத்தில் எடை போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். கொடுக்காததற்குக் காரணம் சோம்பேறித்தனம்.

முடித்த கேமுக்கு அடுத்து என்ன என்பதில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட ராத்திரி மோர் சாதம். விட்சர் 3ஐ முடித்த கையோடு, அதே ருசி இன்னும் வேண்டும் என்று அசாசின்ஸ் க்ரீட் ஒடிசியை ஆரம்பித்தேன். மறுபடியும் பெரிய மேப், மறுபடியும் நூறு குறிகள், மறுபடியும் குதிரை. பன்னிரண்டு மணி நேரத்தில் திகட்டிவிட்டது. அது மோசமான கேம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், நான் அதை ஆடிய நேரம்தான் மோசம். அதற்குப் பதில் ஓப்ரா டின் மாதிரி எதையாவது ஆடியிருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு கப்பல், அதில் 60 பேர், யார் எப்படிப் போனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஆடினேன், பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு.

இலவசத்தைப் பற்றி. ஸ்டீமைப் போலவே கேம் விற்கும் எபிக் கடையில் வியாழக்கிழமைதோறும் இலவச கேம் மாறும். நான் ஒன்றுவிடாமல் வாங்கிச் சேர்த்தேன். காசு போகவில்லை, ஆனால் தேடும்போது அத்தனையும் கண்ணில் படுகிறது. இப்போது, அன்றைக்கே பீரோவில் ஒட்டத் தோன்றாத கேமை இலவசமாகவும் எடுப்பதில்லை. சேலில் வாங்குவதற்கும் அதேதான்: விருப்பப் பட்டியலில் ஏற்கனவே மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் ஸ்டீமில் பெரிய சேல் எப்படியும் வரும், அவசரமில்லை.

கைவிடுவது எப்போது? மூன்று தடவை உட்கார்ந்தும், எழுந்த பிறகு டூட்டியில் ஒருமுறைகூட அது ஞாபகத்துக்கு வரவில்லை என்றால் லேபிளைக் கிழித்துவிடுவேன். தற்காலிகமாக விடுவதென்றால் மட்டும் லேபிளின் கீழே இரண்டு வரி எழுதிவைப்பேன்: அடுத்து எங்கே போக வேண்டும், எந்த பட்டன் எதற்கு. மூன்று மாதம் கழித்துத் திரும்பிவந்து எந்த பட்டன் குதிக்க, எது குதிரையைக் கூப்பிட என்று தெரியாமல் முழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் ஒருமுறை குதிரையைக் கூப்பிடுவதாக நினைத்து சந்தையில் ஒரு வியாபாரியைக் குத்திவிட்டேன்.

இப்போதைக்கு பீரோவில் பெரியது ரெட் டெட் 2, நான்காவது அத்தியாயம். களைப்புக்கு ஹேடீஸ். சின்னதற்கான இடம் போன புதன்கிழமையிலிருந்து காலி. நாளை எனக்கு லீவு. அம்மா ரெண்டு நாளாக, "அந்த இட்லி சுட்டவ மாதிரி வேற யாரும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு தேடிப் பார்க்க வேண்டும்.